ஐம்பது கிலோ யார் போட்ட கணக்கு?

2022 ஜூலை 18 அன்று, பையில் அடைத்து முத்திரையிட்டு விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தது. 25 கிலோ வரையுள்ள பைக்கு வரி. அதைத் தாண்டினால் வரி கிடையாது. கொஞ்ச நாளிலேயே தமிழ்நாட்டு அரிசிக் கடைகளில் 26 கிலோ சிப்பம் வந்து உட்கார்ந்துகொண்டது. பை தைப்பவர், அச்சடிப்பவர், ஆலையில் எடை இயந்திரத்தைத் திருத்தி வைப்பவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர், கடைசியில் வாங்கிப்போகும் குடும்பம் வரை எல்லோரும் புது எடைக்குப் பழகிக்கொண்டார்கள். ஒரு கிலோவைக் கூட்ட ஆய்வுக்குழு எதுவும் தேவைப்படவில்லை. ரேஷன் கடைக்குப் போகும் அரிசியோ இன்னமும் 50 கிலோ சணல் சாக்கில்தான் நிரம்புகிறது. அதைத் தூக்குகிறவரின் இடுப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் அந்த 50 கிலோ அசைக்க முடியாத ஒன்றைப்போல நம் முன் நிற்கிறது. அது என்றைக்கோ யாரோ எடுத்த நிர்வாக முடிவு. அதைப் பாதியாகக் குறைப்பதுதான் அரிசி ஆலைத் தொழிலாளரின் உடல்நலத்துக்கு அரசு இன்று செய்யக்கூடிய முதல் காரியம் என்பது என் கட்சி.

நெல் ஆலைக்குள் போய் அரிசியாக வெளியேறிக் கடைக்குச் சேரும்வரை எத்தனை முறை மனித முதுகில் ஏறி இறங்குகிறது என்று எண்ணிப்பார்க்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ நெல்லைச் சாக்கில் தைத்து லாரியில் ஏற்றுகிறார்கள். கிடங்கில் இறக்கி அட்டியாக அடுக்குகிறார்கள். மறுபடி ஏற்றி ஆலையில் இறக்கி, மூட்டையைப் பிரித்துக் குழியில் கொட்டுகிறார்கள். அதன் பிறகுதான் எலிவேட்டர் வேலையை எடுத்துக்கொள்கிறது. டிரையர் இல்லாத சிறிய ஆலைகளில் அதுவும் பாதி வழிதான். அவித்த நெல்லைச் சூட்டோடு களத்துக்குக் கொண்டுபோவதும், வெயிலில் நின்று காலாலும் பலகையாலும் கிளறிவிடுவதும், கூட்டி அள்ளுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. அரைத்து முடிந்ததும் அரிசி 50 கிலோ மூட்டையாகிறது. ஆலையில் ஏற்றம், தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கில் இறக்கம், திரும்ப ஏற்றம், ரேஷன் கடையில் இறக்கம். தமிழ்நாட்டின் பொது வினியோகத்துக்கு மாதம் ஏறத்தாழ 3 லட்சம் டன் அரிசி போகிறது. 50 கிலோ கணக்கில் அது 60 லட்சம் மூட்டை. ஆலை வாசலைத் தாண்டிய பிறகு நான்கே முறை கைமாறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், மாதத்துக்கு 2 கோடியே 40 லட்சம் தடவை அந்த எடை ஒரு மனிதர் மேல் ஏறுகிறது. தனி ஒருவர் கணக்கைப் பார்த்தால், 16 டன் லாரியில் 320 மூட்டை. எட்டுப் பேர் இறக்கினால் தலைக்கு 40 மூட்டை, அதாவது 2 டன். நாளைக்கு நான்கு லாரி வந்தால் 8 டன். இதில் அட்டியின் மேல் வரிசைகளுக்குப் பலகையிலோ, அடுக்கிய மூட்டைகளையே படியாக்கியோ ஏறிப்போகும் சிரமம் சேரவில்லை.

உடல் இதற்கு எவ்வளவு இடம் கொடுக்கும் என்பது ஊகத்துக்கு விட்ட விஷயமாக இல்லை. அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனம் 1991இல் திருத்திய சூத்திரத்தின்படி, எல்லாச் சூழலும் சாதகமாக இருக்கும்போது ஒருவர் தூக்கக்கூடிய எடை 23 கிலோ. சாதகம் என்றால், பொருள் உடலை ஒட்டி இருக்க வேண்டும், இடுப்புயரத்தை ஒட்டி இருக்க வேண்டும், பிடிக்க நல்ல கைப்பிடி வேண்டும், உடம்பைத் திருகக்கூடாது, அடிக்கடி தூக்கக்கூடாது. இவற்றில் ஒவ்வொன்றும் தவறத் தவற 23 என்ற எண் கீழே இறங்கிக்கொண்டே போகும். ஆலையில் அநேகமாக எல்லாமே தவறுகின்றன. சாக்குக்குக் கைப்பிடி இல்லை. காதைப் பிடித்தோ கொக்கி போட்டோதான் இழுக்க வேண்டும். எடுப்பது தரையிலிருந்து, வைப்பது தோளுக்கு மேலே. இரண்டு பேர் குனிந்து தூக்கிவிட, மூன்றாமவர் சும்மாட்டின் மேலோ பிடரியிலோ வாங்கிக்கொள்கிறார். தூக்கிவிடுகிற இருவரின் இடுப்பும், வாங்குகிறவரின் கழுத்தும் ஒரே நேரத்தில் அடி வாங்குகின்றன. அந்த 23 கிலோவுக்கு அடிப்படையாக இருப்பது, கீழ்முதுகின் தட்டு ஒன்றின் மேல் விழும் அழுத்தம் 3,400 நியூட்டனைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு. குனிந்து 50 கிலோவைத் தூக்குகிற உடம்பில் அந்த வரம்பு வெகு தூரம் பின்னால் போய்விடும். நீண்டகாலம் பாரம் தூக்கியதால் கீழ்முதுகுத் தட்டு தேய்வதை ஜெர்மனி 1993இலேயே தொழில்சார் நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம்மைப்போலவே அரிசி உண்ணும் ஜப்பான், ஒரு காலத்தில் 60 கிலோ வைக்கோல் மூட்டையில் கட்டிய அரிசியை இன்று 30 கிலோ பையில் கட்டுகிறது.

"ஐம்பது அறுபது வயதுக்காரர்கள் அநாயாசமாகத் தூக்குகிறார்களே, பழகிய உடம்புக்கு ஒன்றும் ஆகாது" என்று ஆலை வட்டாரங்களில் சொல்வது உண்டு. கண்ணால் பார்ப்பது பொய்யில்லை, பார்க்காததுதான் அதிகம். இந்த வேலையில் தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே ஆலையில் நிற்கிறார்கள். முதுகு போனவர், மூட்டு தேய்ந்தவர், குடலிறக்கம் வந்தவர் எல்லாம் வாட்ச்மேன் வேலைக்கோ, ஆடு மேய்க்கவோ, வீட்டுத் திண்ணைக்கோ போய்விட்டார்கள். தொழில் மருத்துவத்தில் நன்கு தெரிந்த கணக்குப் பிழை இது. வேலையில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் மிகக் கொடிய வேலையும் ஆரோக்கியமாகத்தான் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு, காயம் விளைவிக்கக்கூடிய அளவு பாரத்தை யாரையும் தூக்கச்சொல்லக்கூடாது என்றது. எத்தனை கிலோ என்பதை மாநில விதிகளுக்கு விட்டுவிட்டது. அந்த விதிகள் பெரும்பாலும் ஆண்களுக்கு 55 கிலோவை ஒட்டியும் பெண்களுக்கு 30 கிலோவை ஒட்டியும் நிற்கின்றன. 55 என்ற எண் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரையில் இருப்பது. அதற்கு மேல் சுமக்கவைக்கும் இடங்களில் கூடிய சீக்கிரம் அந்த அளவுக்காவது குறையுங்கள் என்பதே அங்கே அதன் பொருள். பாதுகாப்பான எடை 55 என்று அந்த அமைப்பு சொல்லவில்லை. கேரளம் 2021இல் சுமைத் தொழிலாளர் தூக்கும் உச்ச எடையை 75 கிலோவிலிருந்து 55ஆகக் குறைக்க முடிவெடுத்தபோது அது முன்னேற்றம்தான். ஆனால் அரை நூற்றாண்டுக்கு முந்தைய உச்சவரம்பைத்தான் அதுவும் எட்டிப்பிடித்தது. நமது 50 கிலோ சாக்கு இந்த எண்ணுக்கு மயிரிழை கீழே நிற்பதால், ஆய்வாளர் வந்து பார்த்தாலும் குறையெழுத ஒன்றுமில்லை. அவர் வருவதும் இனி அரிதாகலாம். மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது பழைய சட்டம். அதன் இடத்துக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக்கியிருக்கிறது. சுமை தூக்குகிறவர்கள் மேஸ்திரி மூலமாக வருகிறவர்கள். ஆலையின் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருப்பது அபூர்வம். முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு ஆலைக்குள்ளேயே குடியிருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். திருவள்ளூர் மாவட்ட அரிசி ஆலைகளிலிருந்து இருளர் குடும்பங்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டது அரசுப் பதிவில் இருக்கும் செய்தி. கடனில் இருப்பவரிடம் "அதிக எடையைத் தூக்க மறுக்கலாமே" என்று சொல்வது கேலி.

ஆலையில் கெடுதல் செய்வது மூட்டை மட்டும்தானா, தூசியும் வெக்கையும் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. நெல் கொட்டும் குழியருகே சுணை பறக்கிறது. தோலில் அரிப்பு, கண்ணில் எரிச்சல். உமி எரித்த சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. மலேசிய அரிசி ஆலைத் தொழிலாளர்களைப் பரிசோதித்து 1984இல் பிரிட்டிஷ் தொழில் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, கண், தோல், மூக்கு எரிச்சலோடு மார்பு இறுக்கம், ஆஸ்துமா, ஒவ்வாமைக்குரிய ரத்த அணுக்களின் பெருக்கம், சிலருடைய நுரையீரல் எக்ஸ்ரேயில் நிழல்கள் ஆகியவற்றைக் கண்டு, அரிசி ஆலைக்காரர் நோய் என்றே ஒரு பெயரை முன்வைத்தது. நாற்பதாண்டாகியும் நமது ஆலைகள் பலவற்றில் தூசிக்கெதிராக இருப்பது முகத்தில் சுற்றிய துண்டு மட்டும்தான். ஆனால் தூசியையும் வெக்கையையும் பாரத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதையே நான் வற்புறுத்துவேன். சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். கடும் உழைப்பில் அது 40 லிட்டரைத் தாண்டும், அதுவும் மூக்கு வடிகட்டாமல் வாய் வழியாக. ஆகவே அதே கொட்டகையில், அதே தூசியில், கணக்குப்பிள்ளையின் நுரையீரலுக்குப் போவதைவிடப் பல மடங்கு சுமை தூக்குகிறவருக்குள் போகிறது. வெக்கையும் அப்படித்தான். தசை செலவழிக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மிச்சமெல்லாம் உடம்புக்குள்ளேயே சூடாகிறது. பாய்லரும் தகரக் கூரையும் வெளியிலிருந்து சுடுகின்றன, மூட்டை உள்ளேயிருந்து சுடுகிறது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்தது; மோரும் ஓஆர்எஸ்ஸும் நல்லவைதான், ஆனால் தூக்கும் எடையைக் குறைத்தால் அந்த உள்சூட்டையே குறைக்கலாம்.

இனி ஆட்சேபங்கள். இவற்றில் வலுவானது தொழிலாளர் பக்கமிருந்தே வருகிறது: கூலி மூட்டைக் கணக்கில் என்பதால், எடை பாதியானால் வருமானமும் பாதியாகிவிடும் அல்லது அதே கூலிக்கு இரண்டு மடங்கு நடக்க வேண்டும். இந்தப் பயம் நியாயமானது. கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டைக்கு ரூ.3.25 என்றிருந்த சுமைக்கூலி ரூ.10 ஆக உயர எத்தனை காலம் ஆனது என்பதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் பரிகாரம் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 40 கிலோவுக்கு 10 ரூபாய் என்றால் குவிண்டாலுக்கு 25 ரூபாய். கூலியை மூட்டைக்கு என்று எழுதாமல் குவிண்டாலுக்கு என்று எழுதிவிட்டால், மூட்டை 50 கிலோவானாலும் 25 கிலோவானாலும் கைக்கு வரும் பணம் மாறாது. கூலி வகையில் ஆலைக்கும் அரசுக்கும் ஒரு பைசா கூடுதல் இல்லை.

இன்னொரு கேள்வி இதைவிட நுட்பமானது. மொத்த டன் குறையவில்லையே. 25 கிலோவை இரண்டு முறை தூக்குவதும் 50 கிலோவை ஒரு முறை தூக்குவதும் ஒன்றுதானே? அப்படியில்லை. முதுகெலும்பில் சேரும் சேதம் எடைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. ஜெர்மனியில் இதற்குப் பயன்படும் கணக்கு, அழுத்தத்தை வர்க்கப்படுத்திக் கூட்டுகிறது. அதன்படி இரண்டு முறை பாதி எடை தூக்குவதன் சேதம் குறைவுதான். பெருமளவு குறைவு என்று மிகைப்படுத்த மாட்டேன். நடை இரட்டிப்பாகும், கால் சோரும், இதில் உண்மை இருக்கிறது. பெரிய லாபம் வேறிடத்தில் இருக்கிறது. 50 கிலோவைத் தலைக்கோ முதுகுக்கோ ஏற்றாமல் நகர்த்த முடியாது, அதற்கு மூன்று பேர் வேண்டும். 25 கிலோவை ஒருவரே மார்போடு அணைத்து எடுத்து இடுப்புயர மேசையிலிருந்து தள்ளுவண்டிக்கோ, சாய்வான பெல்ட்டுக்கோ மாற்றிவிடலாம். குனிந்து தூக்கிவிடும் இருவரின் வேலை அங்கே இல்லாமலே போகிறது. எடையைக் குறைத்துவிட்டு வண்டியும் பெல்ட்டும் கொடுக்காமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சாக்குச் செலவு கூடும் என்பார்கள். கூடும். சிறிய சாக்கில் கிலோவுக்கு ஆகும் சணலும் தையலும் கொஞ்சம் அதிகம். ஆனால் கடைச் சந்தை முழுவதும் 25, 26 கிலோவில் கட்டி விற்று லாபம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது? சின்னப் பையால் எந்த ஆலையும் மூடப்பட்டதாகத் தெரியவில்லை. இயந்திரம் வந்தால் வேலை போய்விடும் என்ற பேச்சுக்கு ஆலைக்குள்ளேயே பதில் நிற்கிறது. கருப்பு அரிசியைக் கேமராவால் கண்டுபிடித்துக் காற்றால் ஊதித் தள்ளும் கலர் சார்ட்டர் இன்று பெரிய ஆலைகளில் சாதாரணம். புடைத்துப் பொறுக்கிய பெண்களின் வேலையை அது எடுத்துக்கொண்டபோது யாரும் வேலைவாய்ப்பைப் பற்றிக் கவலைப்பட்டதாக நினைவில்லை. அரிசியின் நிறத்துக்கு லட்சக்கணக்கில் முதலீடு செய்ய முடிகிறது. அதைத் தூக்குகிறவருக்கு ஒரு தள்ளுவண்டி வாங்கும்போது மட்டும் வேலைவாய்ப்புத் தத்துவம் ஞாபகம் வருகிறது. தவிர, இந்த வேலைக்கு உள்ளூர்ப் பிள்ளைகள் வருவதில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆள் வரவழைத்துத்தான் ஆலைகள் ஓடுகின்றன. காப்பாற்ற வேண்டிய வேலை என்று நாம் சொல்வதை, செய்கிறவர்கள் தம் மகன்களுக்குக் கொடுக்க விரும்பவில்லை.

அரசால் சாக்கின் எடையை மாற்ற முடியுமா என்ற சந்தேகத்துக்கு யூரியா மூட்டையைப் பாருங்கள். விவசாயிகள் மூட்டைக் கணக்கில் உரம் போடுவதால், மூட்டையைச் சிறிதாக்கினால் யூரியா உபயோகம் குறையும் என்று கணக்குப் போட்டு, 2018 மார்ச் முதல் 50 கிலோவை 45 கிலோவாக்கினார்கள். ஒரே உத்தரவு, நாடு முழுவதும் மாறியது. மண்ணுக்காகச் செய்ய முடிந்ததை முதுகுக்காகச் செய்ய முடியாது என்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. தானிய மூட்டைக்கான விதி மத்திய அரசின் கையில் இருப்பது உண்மை. ஆனால் தமிழ்நாடு பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறையில் இருக்கும் மாநிலம். இங்கே வாணிபக் கழகம் கொள்முதல் செய்யும் நெல், இங்கேயே அரைபட்டு இங்குள்ள ரேஷன் கடைகளுக்கே போகிறது. அரவை முகவர்களோடு ஒப்பந்தம் போடுவதும், சுமைக்கூலியை நிர்ணயிப்பதும் அதே கழகம். ஆகவே இந்த அரிசியையாவது 25 கிலோவில் கட்ட அனுமதி கேட்டு எழுதும் உரிமையும் பொறுப்பும் மாநில அரசுக்கு இருக்கிறது. அதோடு, பாரம் தூக்கியதால் வரும் முதுகெலும்பு நோயைத் தொழில்சார் நோய் அட்டவணையில் சேர்க்கச் சொல்லிக் கேட்கவும் வேண்டும். இன்றைய அட்டவணையில் சிலிக்கோசிஸ் இருக்கிறது, பஞ்சாலை நோய் இருக்கிறது, இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை இருக்கிறது, முதுகு இல்லை. பட்டியலில் இல்லாத நோய்க்கு இழப்பீடு கேட்டுப் போராடும் தெம்பு சுமைத் தொழிலாளிக்கு ஏது?

தமிழ்நாட்டில் குறுவைக் கொள்முதல் இப்போது செப்டம்பரிலேயே தொடங்குகிறது. அதற்கு முன்பாக அரசு செய்ய வேண்டியது, சுமைக்கூலியைக் குவிண்டால் கணக்கில் மாற்றி ஆணை போடுவது. ஆலை, கிடங்கு, ரேஷன் கடை மூன்றிடத்திலும் அந்த ஆணை செல்ல வேண்டும். அரவை ஒப்பந்தத்தில் தள்ளுவண்டியையும் பெல்ட்டையும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். 25 கிலோ சாக்கு அதன் பிறகு வரட்டும். வரிசை மாறிச் சாக்கு முதலில் வந்துவிட்டால், பாதிக் கூலிக்கு இரண்டு மடங்கு நடக்கப்போவது தொழிலாளிதான். தொழிற்சங்கங்கள் இந்த வரிசையில் விட்டுக்கொடுக்கவே கூடாது.